இலை வராத பத்தொன்பது நாட்கள்

1. நான் பத்தாம் வகுப்பு முடித்த வருடம் தேயிலை விலை விழுந்தது. அதற்குப் பிறகு எழவில்லை.
2. பறிகூலிக்கே கட்டுப்படியாகவில்லை என்று சிறு விவசாயிகள் பலர் இலையைச் செடியிலேயே விட்டுவிட்டார்கள். அப்பா வேலை பார்த்த குன்னூர் தேயிலை ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள் ஓடியது. சில வாரம் இரண்டு நாள்.
3. ஃபேக்டரியின் எலெக்ட்ரீஷியன் திருப்பூருக்குப் போய்விட்டார்.
4. நான் பதினோராம் வகுப்பில் தொழிற்பிரிவில் சேர்ந்தேன். பாடம், மின் இயந்திரங்கள்.
5. முப்பது நாள் பயிற்சிக்கு நானும் என் தோழியும் அப்பாவின் ஃபேக்டரிக்கே போனோம். முப்பது நாளும் போனோம்.
6. பிளஸ் டூவில் இருவருக்கும் நல்ல மதிப்பெண் வந்தது.
7. ஃபேக்டரி கொடுத்த சான்றிதழில் எனக்குப் பதினொரு நாள் என்று எழுதியிருந்தது.

முதல் ஆறையும் நான் எங்கேயும் எழுதி வைத்திருக்க மாட்டேன். ஏழாவதால்தான் இந்தப் பட்டியலே.

பாலிடெக்னிக் டிப்ளமோவுக்கு மூன்று வருடம். பிளஸ் டூவில் தொழிற்பிரிவு படித்தவர்களுக்கு அதில் முதல் வருடம் கிடையாது. பள்ளியில் படித்த பாடத்தையும் எழுதிய தேர்வையும் முதல் வருடப் படிப்பாகவே எடுத்துக்கொண்டு நேராக இரண்டாம் வருடத்தில் உட்கார வைப்பார்கள். நான் விண்ணப்பித்த கோயம்புத்தூர் பாலிடெக்னிக்கில் அதற்கு மூன்று கேட்டார்கள்: எழுத்துத் தேர்வு மதிப்பெண், செய்முறை மதிப்பெண், சேர்க்கைக்கு முன் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் முப்பது நாள் பயிற்சி பெற்றதற்கான சான்றிதழ். எங்கள் தொழிற்பிரிவு ஆசிரியர் முதல் நாள் வகுப்பிலேயே இந்த மூன்றையும் கரும்பலகையில் எழுதினார். நான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சிறிய கட்டம் போட்டேன், முடிந்ததும் டிக் அடிக்க.

அந்த ஒரு வருடம் எங்கள் வீட்டில் பெரிய விஷயம். அப்பா டிரையர் பார்ப்பவர். இலை அரைபட்டுப் புளித்து வந்ததும் சூட்டில் உலர்த்தும் இயந்திரம் அவர் கையில். ஃபேக்டரி ஓடாத நாளில் டிரையர் இல்லை, டிரையர் இல்லாத நாளில் அப்பாவுக்குச் சம்பளம் இல்லை. நான் விண்ணப்பம் வாங்கி வந்த அன்று அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ரெண்டு வருஷம்னா எப்படியாச்சும் இழுத்துப் புடிச்சறலாம் கண்ணு. மூணாவது வருஷம்னா என்னால சொல்ல முடியாது. அதுக்குள்ள தங்கச்சி படிப்புச் செலவு வந்துரும்."

மூன்று வருடம் என்றால் நானும் திருப்பூர்தான். பெரியப்பா மகள்கள் இருவரும் ஏற்கெனவே அங்கே பனியன் கம்பெனியில் இருந்தார்கள். அவர்களை நான் குறைவாக நினைத்ததில்லை. எனக்கு மோட்டார் பிடித்துப் போயிருந்தது, அவ்வளவுதான்.

பிடித்துப்போனதும் அந்த ஃபேக்டரியில்தான். பயிற்சிக்குப் போன முதல் நாள் எங்களைப் பார்த்து டீமேக்கர் சிரித்தார். தேயிலைத் தயாரிப்பு முழுவதற்கும் பொறுப்பானவர் அவர். "எலெக்ட்ரீஷியனே இல்லாத ஃபேக்டரிக்கு எலெக்ட்ரிக்கல் படிக்க வந்திருக்கீங்களா அம்மிணி? சாமியில்லாத கோயிலுக்குத் தேங்காய் எடுத்துட்டு வந்த மாதிரி இருக்குது."

ஆனால் எலெக்ட்ரீஷியன் இல்லாததுதான் எங்களுக்கு வசதியாகிவிட்டது. ஃபேக்டரி ஓடும் நாளில் நாங்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கலாம், ஆம்பியர் குறிக்கலாம், தேநீர் குடிக்கலாம். எதையும் தொட முடியாது. இலை வராத நாளில் கட்டடமே அமைதியாக இருக்கும். பத்தொன்பது மோட்டார்களும் சும்மா நிற்கும். டீமேக்கர் மெயின் பலகையிலிருந்து மூன்று ஃப்யூஸ் கேரியர்களையும் உருவி ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொள்வார்.

"இந்த மூணும் எம்பையில இருக்கற வரைக்கும் உங்களுக்கும் ஒண்ணும் ஆகாது, மோட்டாருக்கும் ஒண்ணும் ஆகாது. பிரிச்சதைத் திருப்பி மாட்டிப்போடுங்க, அது போதும்."

பை கனத்து ஸ்வெட்டர் ஒரு பக்கமாகத் தொங்க, அவர் நாள் முழுவதும் நடப்பார்.

ஒரு நாளுக்கு ஒரு மோட்டார் என்று வைத்துக்கொண்டோம். மேல் மாடியில் இலையை வாட்டும் நீளமான தொட்டிகள் பதினான்கு. ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு விசிறி, விசிறிக்கு ஒரு மோட்டார். கீழே ஐந்து: இலையைக் கொண்டு போகும் கன்வேயர், இலையை அரைக்கும் இயந்திரம், சல்லடை, புகைபோக்கி விசிறி, கடைசியாக அப்பாவின் டிரையர். திறந்து, பஞ்சு போல அடைந்திருக்கும் தேயிலைத் தூசியைத் துடைத்து, பேரிங்குக்கு கிரீஸ் வைத்து, மெக்கர் என்ற அளவுக் கருவியின் கைப்பிடியைச் சுழற்றி இன்சுலேஷன் அளவு பார்ப்போம். சந்தேகம் வந்தால் பாடப்புத்தகம். புத்தகத்திலும் இல்லையென்றால் அதை எழுதி வைத்துச் சனிக்கிழமை ஆசிரியர் வரும்போது கேட்போம். முதல் வாரம் எங்கள் கேள்விப் பட்டியல் இரண்டு பக்கம். கடைசி வாரம் நான்கு வரி.

நான் ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு சீட்டு எழுதினேன். கிராஃப் தாளை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, அதில் தேதி, மோட்டார் எண், மெக்கர் அளவு, செய்த வேலை, எங்கள் இருவரின் முதலெழுத்துகள். வெளியே ஒட்டினால் தூசியும் ஈரமும் ஒரு வாரத்தில் தின்றுவிடும். அதனால் வயர் இணைக்கும் டெர்மினல் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டி, நான்கு திருகும் போட்டு மூடினேன். அடுத்து யார் திறந்தாலும் போன முறை என்ன அளவு என்று தெரியட்டும் என்பது என் எண்ணம். டெர்மினல் பெட்டிக்குள் காகிதம் வைக்கவே கூடாது என்பதைப் பாலிடெக்னிக்கில் முதல் மாதம் படித்தேன். அது வேறு கதை.

தோழி சீட்டு எழுதவில்லை. அவள் வேறொன்று செய்தாள். அவள் வீடு அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ். சங்கு ஊதி, அட்டை குத்தி உள்ளே போகும் தொழிற்சாலைக்காரரின் மகள். மாலை கிளம்பும் முன் ஒரு முழுத் தாளை எடுத்து அன்றைய தேதிக்கு எதிரே டீமேக்கரிடம் கையெழுத்து வாங்குவாள்.

"ரெஜிஸ்டர்தான் ஆபீஸ்ல இருக்குதே. இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"ஆபீஸ் இன்னைக்குப் பூட்டியிருக்கு. கையெழுத்து இல்லேன்னா நீ வேலைக்கே வரலேன்னு அர்த்தம். எங்கப்பா சொல்லுவாரு."

"இன்னைக்குத்தான் இலையே வரலையே."

"அதுக்கு? நீ வந்தியா இல்லையா?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பில்தான் தவறு இருந்தது. எங்கள் வீட்டில் இலை வராத நாள் ஒரு நாளே அல்ல. "நேத்து சும்மா" என்பார் அப்பா. காலண்டரில்கூட அம்மா இலை நாளை மட்டும்தான் வட்டமிடுவார். இலை நாள் வந்தால் நானும் ஆபீசுக்குப் போய் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன். மற்ற நாளில் போடவில்லை. போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எதற்கெடுத்தாலும் பட்டியல் போடும் நான் என்னுடைய நாட்களைப் பட்டியல் போடவில்லை.

பள்ளிக்கு ரெக்கார்ட் நோட்டு போதுமாக இருந்தது. அதனால் ஒரு வருடம் யாருக்கும் தெரியவில்லை. தேர்வு முடிவு வந்து, பாலிடெக்னிக்குக்கு அனுப்ப ஐந்து நாள் இருக்கும்போது சான்றிதழ் கேட்டுப் போனேன். டீமேக்கர் அதற்குள் கூடலூர் பக்கம் வேறு ஃபேக்டரிக்குப் போயிருந்தார். ஆசிரியர் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டார், வீட்டில் ஃபோன் இல்லை. ஆபீசில் இருந்தவர் கிளார்க் மட்டும். எனக்குப் பதினொன்று என்றும், தோழி கொடுத்த தாளைப் பார்த்து அவளுக்கு முப்பது என்றும் தட்டச்சு செய்து கொடுத்தார்.

"ஏனுங்க, நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தானுங்க வந்தோம்," என்றேன்.

"வந்திருப்பீங்க அம்மிணி. நான் இல்லீன்னு சொல்லலை. ரெஜிஸ்டர்ல இருக்கறதைத்தானுங்களே நான் எழுத முடியும்? இலை வராத நாளுக்கு ரெஜிஸ்டர்ல பக்கமே கிடையாது. பக்கமில்லாத நாளுக்கு நான் என்னத்தை எழுதறது?"

அவர் கோபமாகப் பேசவில்லை. ரெஜிஸ்டரைத் திருப்பி என் பக்கம் வைத்தார். பதினொரு கையெழுத்து. என்னுடையதுதான்.

வெளியே வந்ததும் தோழி தன் தாளை நீட்டினாள். "எம்பேருக்குப் பக்கத்துல உம்பேரையும் எழுதிடறேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"இங்க் கலர் வேற."

"உனக்கு வேற கவலையே இல்லையா? மனசாட்சி அது இதுன்னு சொல்லுவேன்னு பார்த்தா, இங்க் கலராம்!"

சிரித்தோம். ஃபேக்டரி வாசலில் நின்று சிரித்துவிட்டு நான் அழுதேன். அவள் என் கைப்பையை வாங்கி வைத்துக்கொண்டு, நான் முடிக்கும்வரை இலை லாரிகளை எண்ணினாள். மே மாதம் கொழுந்து அதிகம், விலை என்னவாக இருந்தாலும் இலை வரும். நான்கு லாரி என்றாள். நான்கு என்றதும்தான் எனக்கு மூடிகளின் நான்கு திருகும், உள்ளே ஒட்டிய சீட்டுகளும் நினைவுக்கு வந்தன. தேதி, மோட்டார் எண், இரண்டு முதலெழுத்து. பத்தொன்பது சீட்டுகள், பத்தொன்பது மூடிகளுக்குள்.

திரும்ப உள்ளே போய்ச் சொன்னேன். கிளார்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சீட்டு இருந்தா எழுதறனுங்க. தேதி இந்தப் புள்ளையோட தாளோட ஒத்துப் போகோணும். ஆனா இந்த வாரம் பூரா எல்லா மோட்டாரும் ஓடுது. உங்களுக்காக நான் ஃபேக்டரியை நிறுத்த முடியாதுங்க."

அன்று வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். "எதுக்கு நிறுத்தோணும்? ஒண்ணொண்ணா தானா நிக்கும். நின்னப்ப பார்த்துக்கலாம்" என்றார்.

அவர் சொன்னது ஃபேக்டரியின் வேலை முறை. முந்தின நாள் தொட்டியில் பரப்பிய இலை காலைக்குள் வாடியிருக்கும். ஒரு தொட்டியைக் காலி செய்து கீழே அரைக்க அனுப்பும்போது அந்தத் தொட்டியின் விசிறியை நிறுத்துவார்கள். அடுத்து அதற்கடுத்த தொட்டி. கீழேயும் அப்படித்தான்: கடைசி இலை கடந்து போனதும் ஒவ்வொரு இயந்திரமாக நிற்கும். எல்லாவற்றுக்கும் கடைசி டிரையர்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மாடியில் நின்றோம். நான் திருப்புளியுடன், தோழி தாளுடன், கிளார்க் குரங்குக் குல்லாவுடன். முதல் தொட்டி காலியானது. அப்பா விசிறியை நிறுத்தி, அதன் ஃப்யூஸ் கேரியரை உருவித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். யாரும் அவரிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

நான்கு திருகு. மூடியைத் திருப்பினேன். சீட்டு மஞ்சளாகி இருந்தது, எழுத்து அப்படியே இருந்தது. கிளார்க் தேதியைப் படித்தார். தோழி தாளில் விரல் வைத்து, "இருக்குங்க" என்றாள்.

"பன்னெண்டு," என்றார் கிளார்க்.

இரண்டாவது தொட்டி, பதின்மூன்று. மூன்றாவது, பதினான்கு. இலை அள்ளும் அக்காமார்கள் விஷயம் தெரிந்து அவர்களாகவே வேகம் பிடித்தார்கள். "புள்ள காலேஜுக்குப் போகோணுமாமா, அள்ளுங்கடி!" என்று ஒருவர் குரல் கொடுக்க, "அவ போய்ட்டா நமக்கு யாருடி மோட்டாரைத் தொடைப்பா?" என்று இன்னொருவர் கேட்டார்.

ஒன்பதாவது மோட்டாரைப் பார்த்ததும் என் கை நின்றது. புதுப் பச்சைப் பெயின்ட். என் மோட்டார் அல்ல.

"அது போன மாசம் கருகிப் போச்சுங்களே," என்றார் கிளார்க். "காயில் கட்ட கோயமுத்தூர் போயிருக்குது."

தோழி மெதுவாக, "நாங்க தொட்டதுனாலயாங்க?" என்றாள்.

"அதையும் சர்டிபிகேட்ல ஒரு வரி போட்டறட்டுங்களா?"

பத்து மணிக்குள் மாடி முடிந்தது. பதின்மூன்று சீட்டு. கீழே உள்ளவற்றுக்கு மதியம் வரை காத்திருந்தோம். கிளார்க் ஆபீசுக்குப் போய்ப் போய் வந்தார். ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. கன்வேயர், அரைக்கும் இயந்திரம், புகைபோக்கி விசிறி, சல்லடை. நான்கிலும் சீட்டு இருந்தது. நான்கு மணிக்கு டிரையர் ஆறியது. அந்த மூடியை அப்பா தன் கையாலேயே திறந்தார்.

அந்தச் சீட்டில் மட்டும் மூன்று முதலெழுத்துகள். டிரையர் மோட்டாரை நகர்த்த ஆள் வேண்டும் என்று அன்று அப்பாவும் வந்திருந்தார். நாள் முழுவதும் டார்ச் பிடித்தார். அதையும் நான் எழுதியிருந்தேன். எழுதியது எனக்கே மறந்திருந்தது.

கிளார்க் படித்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். "ஏனுங்க, நீங்களும் வந்திருக்கீங்க. உங்க நாளும் ரெஜிஸ்டர்ல இல்லீங்களே."

"எனக்கு எந்தக் காலேஜுங்க?" என்றார் அப்பா. மூடியைத் திரும்பத் திருகினார். கடைசித் திருகுக்கு வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டார்.

பதினொன்றும் பதினெட்டும் இருபத்தொன்பது. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான்தான் சொன்னேன். "ஒண்ணு குறையுதுங்க."

கிளார்க் ஆபீசுக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். ரெஜிஸ்டரைப் பிரித்தார். அன்று இலை வந்த நாள், அதனால் பக்கம் இருந்தது.

"காலைல ஆறு மணிலேர்ந்து பதினெட்டு மோட்டாரைத் திறந்து மூடியிருக்கீங்க. இது வேலை இல்லீங்களாக்கும்? கையெழுத்துப் போடுங்க அம்மிணி."

போட்டேன். அவர் பழைய சான்றிதழைக் கிழித்துவிட்டுப் புதிதாகத் தட்டச்சு செய்தார். முப்பது என்பதை எண்ணிலும் எழுத்திலும் அடித்து, அதன் கீழே யாரும் கேட்காத ஒரு வரியையும் சேர்த்தார்: இவற்றுள் பதினெட்டு நாட்கள் ஃபேக்டரி இயங்காத நாட்கள், பராமரிப்புப் பணி நடந்தது, நேரில் சரிபார்க்கப்பட்டது. என் கடைசிக் கட்டத்துக்கு அன்றுதான் டிக் விழுந்தது.

சேர்க்கையின்போது ஒரு விரிவுரையாளர் அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டார். இயங்காத ஃபேக்டரியில் என்ன பயிற்சி என்றார். ரெக்கார்ட் நோட்டைக் காட்டினேன். மெக்கர் அளவு காலையில் குறைவாகவும் மதியம் கூடுதலாகவும் இருக்கிறதே, ஏன் என்று கேட்டார். குன்னூரில் பத்து மணி வரை பனிமூட்டம் சார், மோட்டாருக்குள்ளும் போகும், வெயில் வந்ததும் காயும் என்றேன். அவர் பேனாவை எடுத்து இரண்டாம் வருடம் என்ற இடத்தில் வட்டம் போட்டார்.

இரண்டாம் வருடம் சுலபமாக இல்லை. கணக்கிலும் வரைபடத்திலும் மற்றவர்கள் ஒரு வருடம் முன்னால் இருந்தார்கள், நான் ஆறு மாதம் துரத்தினேன். மோட்டார் ஆய்வகத்தில் மட்டும் அவர்கள் என் மேசைக்கு வந்தார்கள். பள்ளிக்கூடம் எனக்குக் கழித்துக் கொடுத்த ஒரு வருடம் வெறும் சலுகை அல்ல என்று அங்கே தெரிந்துகொண்டேன். அந்த வருடத்தை நான் படித்துத்தான் இருந்தேன், இடம்தான் வேறு.

விலை விழுந்ததற்கு நான் நன்றி சொல்ல முடியாது. அது எங்கள் தொழிலாளர் லைனில் பாதி வீடுகளைப் பூட்ட வைத்தது. ஆனால் நின்றுபோன மோட்டார்களுக்கு நன்றி சொல்லலாம். பை கனக்க நடந்த டீமேக்கருக்கு, கரும்பலகையில் மூன்று வரி எழுதிய ஆசிரியருக்கு, வேகமாக இலை அள்ளிய அக்காமார்களுக்கு. இல்லாததை எழுத மறுத்து, இருந்ததை மாடியேறிப் பார்த்து எழுதிய கிளார்க்குக்கு. என் அழுகை முடியும்வரை லாரி எண்ணியவளுக்கு. யாரும் சொல்லாமலே ஃப்யூஸைப் பையில் போட்டுக்கொண்ட அப்பாவுக்கு.

இப்போது நான் கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் கம்பெனியின் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தோழி அருவங்காட்டில் அப்ரென்டிஸ். தங்கை பதினோராம் வகுப்பில் அதே தொழிற்பிரிவில் இருக்கிறாள், பயிற்சிக்கு அதே ஃபேக்டரிக்குப் போகிறாள், தினமும் கையெழுத்து வாங்குகிறாள். இலையின் விலை இன்னும் ஏறவில்லை. ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள் ஓடுகிறது. இலை வராத நாளுக்கும் ரெஜிஸ்டரில் இப்போது பயிற்சிக்கு வருபவர்களுக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. அப்பாவின் கையெழுத்து அதில் இன்னும் இல்லை.